பத்தில் நான்கு போய் மூன்று வந்தால்: ஆசிரியை புனிதவதி ஸ்கந்தராஜா நினைவாக

இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் முன்னாள் தலைமையாசிரியர் ஐயா இராமசாமி அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, துயரத்தை அடக்கிக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திரு. ஸ்கந்தராஜா அவர்களே, அவர்தம் பிள்ளைகளே, தைப்பிங்கிலிருந்து மழையோடு மழையாக ஈப்போ வந்து சேர்ந்திருக்கும் உறவினர்களே, எல்லாருக்கும் மேலாக, ஆற்றங்கரைத் தோட்டத்தின் பழைய மாணவர்களே, பெற்றோர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் உடையப்பன். எழுபத்திரண்டாம் ஆண்டு முதல் சென்ற மாதம் வரை, மறைந்த ஆசிரியை புனிதவதி அம்மையாரோடு ஒரே பள்ளியில் வேலை செய்தவன். இப்போது அப்பள்ளியின் தலைமையாசிரியன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அம்மையாரைக் கலைமகள் என்றார்கள், கல்விக் கடல் என்றார்கள். அவர் காதில் விழுந்திருந்தால், "அப்பிடியெல்லாம் சொல்லாதேங்கோ, கூச்சமா இருக்கு" என்று எழுந்து போயிருப்பார். ஆகவே நான் ஒரு கணக்கைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். நான்காம் வகுப்புக் கணக்கு. இரங்கல் கூட்டத்தில் கணக்குப் பாடமா என்று நினைக்காதீர்கள். அவர் யார் என்பதை அந்தக் கணக்கைக் கொண்டுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

அம்மையார் தைப்பிங்கில் பிறந்தவர். தகப்பனார் ரயில்வேயில் குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். பள்ளியில் ஆங்கிலம், கோயிலில் தேவாரம் என்று வளர்ந்தவர். அரசாங்க அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கலாம். அவர் ஏன் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு வந்தார்? ஒருநாள் கேட்டே விட்டேன். "தமிழிலை கணக்குச் சொல்லிக் குடுக்க ஆள் காணாது எண்டு சொன்னவை. எனக்குக் கணக்கு விருப்பம்" என்றார். அவ்வளவுதான் காரணம்!

எங்கள் பள்ளி அப்போது ஒரே நீளக் கட்டடம். பலகைச் சுவர், தகரக் கூரை. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே ஒரு கரும்பலகைதான் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்துவேன். அந்தப் பக்கம் அவருக்கு நான்காம் வகுப்பு. அவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழும்.

முதல் நாள், "பிள்ளையள், சத்தம் போடாதேங்கோ" என்றார். வகுப்பே சிரித்தது. "டீச்சர் பாட்டு மாதிரி பேசுறாங்கடா!" என்றான் ஒருவன். அவர் கோபிக்கவில்லை. "சரி, பாட்டு எண்டே வைப்பம். இனிக் கணக்கைப் பாடுவம்" என்று தொடங்கிவிட்டார். நாங்கள் தப்பு என்போம். அவர் பிழை என்பார். ஆறு மாதத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் கோலி விளையாடும்போதுகூட, "டேய், அது பிழைடா" என்று சண்டை போடத் தொடங்கினார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கணக்கைப் போட்டால் போதாது, அதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். "ஐந்துடன் இரண்டைக் கூட்டு" என்று எழுதினால், யார் ஐந்து, யார் இரண்டு, ஏன் கூடினார்கள் என்று பிள்ளை சொல்ல வேண்டும். எண் மட்டும் தெரிந்தவன் மறந்துவிடுவான், கதை தெரிந்தவன் மறக்கமாட்டான் என்பது அவருடைய கட்சி.

நான்காம் வகுப்பில் கலப்புக் கணக்கு வரும். ஒரே வரியில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் இருக்கும். நடுவே அடைப்புக்குறியும் இருக்கும். எதை முதலில் செய்வது? அதற்கு அம்மையார், தாம் ஆங்கிலப் பள்ளியில் மனனம் செய்ததைத் தமிழில் ஒரு வரியாக்கிக் கொடுத்திருந்தார். "அடைப்பு, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல்." பிள்ளைகள் அதைக் கூட்டமாகக் கத்துவார்கள். ரப்பர்ப் பால் கொட்டகை வரை கேட்கும். வேலை முடிந்து வாளியோடு வரும் பெண்கள்கூட அதை முணுமுணுத்துக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வரியில் ஒரு பிழை இருந்தது.

எழுபத்தாறாம் ஆண்டு. ஒரு புதன்கிழமை என்று நினைவு. அம்மையார் பலகையில், பத்து கழித்தல் நான்கு கூட்டல் மூன்று என்று எழுதினார். அடைப்புக்குறி இல்லை. "ஆர் கதை சொல்லுறது?" என்று கேட்டார். வீரம்மா எழுந்தாள். பால்மரம் வெட்டும் பிச்சைமுத்துவின் மகள்.

"லாரியில பத்துப் பேரு போறாங்க டீச்சர். கோயில்கிட்ட நாலு பேரு எறங்கிட்டாங்க. அப்புறம் ஆபீஸ்கிட்ட மூணு பேரு ஏறிக்கிட்டாங்க."

"நல்ல கதை. இப்ப வரியைப் பார். கூட்டல் முன்னுக்கு வருது. நாலும் மூண்டும் ஏழு. பத்திலை ஏழு போனால் மூண்டு" என்று அம்மையார் விடையை எழுதினார்.

வீரம்மா உட்காரவில்லை.

"மூணு பேரா டீச்சர்? லாரியில ஒம்போது பேருல்ல இருக்காங்க?"

"ஒன்பதோ?"

"நாலு போயி ஆறு. மூணு ஏறி ஒம்போது. நீங்க மூணுன்றீங்க. மிச்சம் ஆறு பேரு எங்க டீச்சர் விழுந்தாங்க?"

வகுப்பு சிரித்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் என் இரண்டாம் வகுப்பும் சேர்ந்து சிரித்தது. அம்மையார் சிரிக்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "பொறு பிள்ளை. இந்தக் கணக்கை நான் பிறகு சொல்லுறன்" என்று மட்டும் சொன்னார்.

ஓய்வு நேரத்தில் என்னிடம் வந்தார். "மாஸ்டர், பிள்ளை சொன்ன கதையிலை பிழை இருக்கோ?" என்றார். இல்லை என்றேன். "அப்ப என்ர வரியிலைதான் பிழை" என்றார்.

சனிக்கிழமை பஸ் பிடித்துத் தைப்பிங் போனார். அவருடைய அண்ணன் அங்கே இடைநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். அண்ணன் விளக்கிவிட்டார். அடைப்புக்குள் இருப்பது முதலில். அடுத்து வகுத்தலும் பெருக்கலும். அதன் பிறகு கூட்டலும் கழித்தலும். ஆனால் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் முன் பின் கிடையாது. இரண்டும் ஒரே தரம். இடப்பக்கத்திலிருந்து எது முதலில் வருகிறதோ அதை முதலில் செய்ய வேண்டும். மனனம் செய்த வரியில் கூட்டல் என்ற சொல் முன்னால் நின்றதால், கணக்கிலும் அதுவே முன்னால் என்று அம்மையார் நான்கு ஆண்டுகளாகக் கற்பித்துவிட்டார். பாட நூலில் இருந்த பெரும்பாலான கணக்குகளில் கூட்டல்தான் முதலில் வந்தது. அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம் இது. "பிள்ளையள், நான் பிழையாச் சொல்லித் தந்திட்டன். உங்கட பிழை இல்லை. என்ர பிழை. வீரம்மாவின்ர லாரியிலை ஒன்பது பேர்தான்."

அன்பர்களே, இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு சின்னச் செய்தி. எந்த ஆசிரியருக்குத்தான் பிழை வராது? வகுப்பில் திருத்திக்கொண்டால் போதாதா? நாங்கள் எல்லாரும் போதும் என்றுதான் நினைத்தோம். அவர் ஒருவர் மட்டும் போதாது என்றார்.

"இந்த வகுப்புக்குத் திருத்திப்போட்டன். முந்தி என்னட்டைப் படிச்சுப் போன பிள்ளையளுக்கு ஆர் சொல்லுறது?" என்று தலைமையாசிரியர் அறைக்குப் போனார். பெற்றோர்களைக் கூட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட அனுமதி கேட்டார்.

இராமசாமி ஐயா மேடையில் இருக்கிறார். சிரிக்கிறார். சொல்லலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஐயா அன்று மறுத்துவிட்டார். மறுத்ததில் நியாயமும் இருந்தது. அந்த நேரத்தில் பெற்றோர்கள் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து எடுத்து நகரத்து மலாய்ப் பள்ளிகளில் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். எண்ணிக்கை குறைந்தால் பள்ளியை மூடுவார்கள் என்ற பேச்சு இருந்தது.

"டீச்சர், நீங்களா போயி தப்பா சொல்லிக்குடுத்தேன்னா, நாளைக்கே பத்துப் பிள்ளைங்கள எடுத்துருவாங்க. பள்ளிக்கூடம் இருக்கணுமா, வேணாமா?" என்றார் ஐயா.

"இருக்கத்தான் வேணும் சேர். ஆனால் தெரிஞ்சுகொண்டு பிழையை மறைக்கிற பள்ளிக்கூடம் திறந்திருந்து என்ன செய்யப் போகுது?" என்றார் அம்மையார்.

கடைசியில் ஐயா, "கூட்டம் போடுங்க. நானும் வாரேன்" என்றார். அவரும் வந்தார். அதையும் இந்தச் சபையில் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மண்டபத்தில் கூட்டம். அம்மையார் பலகையில் அந்தக் கணக்கை எழுதி, லாரிக் கதையைச் சொல்லி, தாம் கற்பித்தது எது, சரியானது எது என்று விளக்கினார். விளக்கி முடித்துக் கைகூப்பினார். அப்போது வெளிக்காட்டு வேலைகளை மேற்பார்க்கும் மண்டோர் பழனியப்பன் எழுந்தார்.

மண்டோர் அண்ணன் இன்று வந்திருக்கிறார். இதைப் பேசலாமா என்று காலையில் அவரிடமே கேட்டேன். "சொல்லுங்க சார், நடந்ததுதானே" என்றார்.

பழனியப்பனின் மகன் பத்துமலை, அம்மையாரிடம் படித்தவன். அப்போது கோலா கங்சாரில் புதுமுக வகுப்பில் இருந்தான். தமிழ்ப்பள்ளி முடித்தவர்கள் இடைநிலைப் பள்ளியில் முதல் ஓராண்டு இருக்கும் வகுப்பு அது. அவனுக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்துகொண்டே போனது.

"அந்தப் பையன பெல்ட்டால அடிச்சேன் டீச்சர்" என்றார் பழனியப்பன். குரல் உயரவில்லை. "கணக்கு வரலன்னு அடிச்சேன். அழுதுகிட்டே சொன்னான், 'டீச்சர் இப்படித்தாம்ப்பா சொல்லிக்குடுத்தாங்க'ன்னு. டீச்சர் மேல பழி போடுறியான்னு இன்னும் ரெண்டு போட்டேன். இப்ப நீங்க வந்து உங்க தப்புன்றீங்க. நான் அவன் மொகத்துல எப்படி முழிக்கிறது?"

மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு அவர் வெளியேறினார். மறுநாள் தம் இளைய மகளைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார். அந்த மாதத்தில் இன்னும் சில குடும்பங்கள் அதைச் செய்தன. ஐயா இராமசாமி பயந்தது நடந்தது.

அம்மையார் அழுதாரா? எனக்குத் தெரியாது. என் முன்னால் அழவில்லை. ஆனால் சில வாரங்கள் அவர் மதியச் சாப்பாட்டைத் திறக்காமலேயே வீட்டுக்கு எடுத்துப் போனதைப் பார்த்தேன். அந்த வாரங்களில்தான் அவர் சனிக்கிழமைகளில் பழைய மாணவர்களைத் தேடிப் போகத் தொடங்கினார். முதலில் போனது பழனியப்பன் வீட்டுக்கு. துணைக்கு என்னை அழைத்தார்.

மண்டோர் வெளியே வரவில்லை. உள்ளே இருக்கிறார் என்று தெரியும். பத்துமலை வாசலில் நின்றான். பதினான்கு வயது, அப்போதே அம்மையாரைவிட உயரம். அம்மையார் அவனை நிமிர்ந்து பார்த்து, உள்ளே இருப்பவருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தம்பி, நான் சொல்லித் தந்ததை நீ சரியாச் செய்தாய். நீ ஒரு பிழையும் செய்யேல்லை. அடி வாங்கவேண்டியவன் நீ இல்லை. என்னை மன்னிச்சுக்கொள்."

அவன், "பரவால்ல டீச்சர்" என்றான். பிறகு அவர்கள் இருவரும் படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். அடுத்த சனிக்கிழமையும் போனார். அதற்கடுத்ததும் போனார். ஒரு சனிக்கிழமை உள்ளேயிருந்து இரண்டு கோப்பை காப்பி வந்தது. மண்டோர் மட்டும் வரவில்லை.

பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர்களையும் அவர் விடவில்லை. கமுந்திங் தொழிற்பேட்டையில் சின்னையா என்ற பையன் தொழிற்சாலை வாசலிலேயே அவரைப் பார்த்துத் திகைத்துப் போனான்.

"டீச்சர், நான் இப்ப வேலக்கிப் போறேன் லா. எனக்கு எதுக்கு டீச்சர் இந்தக் கணக்கெல்லாம்?"

"நாளைக்கு உனக்குப் பிள்ளை வரும். அந்தப் பிள்ளை உன்னட்டைக் கேட்கும். இந்தப் பிழை என்னோடை நிக்கட்டும், உன்ர வீட்டுக்குப் போக வேண்டாம்" என்றார். வாசலில் நின்றபடியே ஒரு காகிதத் துண்டில் எழுதிக் காட்டினார். எல்லாரையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. சிலர் குடும்பத்தோடு வேறு தோட்டங்களுக்குப் போய்விட்டிருந்தார்கள். அது அவருக்குக் கடைசிவரை குறையாகவே இருந்தது.

இதற்கிடையே வகுப்பில் பாடம் மாறியது. அவர் அந்தப் பழைய வரியை நிறுத்திவிட்டார். பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துப்போய் வரிசையாக நிற்க வைத்தார். ஒருவன் பத்து, ஒருத்தி நான்கு, ஒருவன் மூன்று. இரண்டு பிள்ளைகளை அடைப்புக்குறியாக்கி, கைகளை வளைத்து நான்கையும் மூன்றையும் அணைத்துக்கொள்ளச் சொன்னார். "இப்ப கதை என்ன?" என்றார். ஒரு பிள்ளை சொன்னது: "கோயில்கிட்ட நாலு பேரும் ஆபீஸ்கிட்ட மூணு பேரும் எறங்கிட்டாங்க டீச்சர். யாரும் ஏறல. இப்பத்தான் மூணு பேரு மிச்சம்!" அடைப்புக்குறிப் பிள்ளைகளை விலகச் சொன்னார். உடனே கதை மாறியது, விடை ஒன்பதாயிற்று. அதே எண்கள், அதே குறிகள். கை வளைத்தால் ஒரு கதை, விட்டால் வேறு கதை!

இன்னொரு நாள் பழங்களைக் கொண்டுவந்தார். இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று ரம்புத்தான், நான்கு டுக்கு. இரண்டு பெருக்கல் மூன்று கூட்டல் நான்கு என்று எழுதிவிட்டு, எழுதியபடியே பழத்தைக் கொடுத்தார். ரம்புத்தான் ஆளுக்கு மூன்று போயிற்று. டுக்கு மொத்தமே நான்குதான் வந்தது, அதுவும் ஒருவன் கைக்கே போயிற்று. "அப்ப எனக்கு டுக்கு இல்லையா டீச்சர்?" என்று ஒருவன் அலறினான். "ஏன் இல்லை? நீயே சரிப்படுத்து" என்று சுண்ணக்கட்டியை நீட்டினார். அவன் ஓடிப்போய் மூன்றுக்கு முன்னால் ஒன்றும் நான்குக்குப் பின்னால் ஒன்றுமாக வளைவு போட்டான். பத்தாக இருந்த விடை பதினான்கு ஆனது. அவனுக்கும் டுக்கு கிடைத்தது. அடைப்புக்குறி எதற்கு என்று அந்த வகுப்பில் யாருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நாம் நினைத்ததை மற்றவர் வேறுவிதமாகப் படித்துவிடாமல் இருக்கத்தான் அது.

அடுத்த ஆண்டு கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எண்ணிக்கை குறைந்துவிட்டது, இப்பள்ளியைப் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாமா என்று பெற்றோர்களிடமே கேட்க வந்திருந்தார். அதே மண்டபம். பிள்ளைகளை எடுத்துவிட்ட பெற்றோர்களும் வந்திருந்தார்கள். மண்டோர் பழனியப்பன் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அதிகாரி நல்ல மனிதர். மறைக்காமல் கேட்டார்: "இங்கே கணக்கைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று பேச்சு இருக்கிறது. நீங்களே பிள்ளைகளை எடுத்திருக்கிறீர்கள். பிறகு எதற்கு இந்தப் பள்ளி?"

அம்மையார் எழப் போனார். அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் பேசலாமா சார்?" பழனியப்பன் முன்னால் நடந்து வந்தார். "தப்பா சொல்லிக்குடுத்தது நெசம். எம்பையன் அதுல அடி வாங்குனான். ஆனா சார், அந்த டீச்சர் ஒரு வருசமா சனிக்கெழம சனிக்கெழம எங்க வீட்டுப் படியில வந்து ஒக்காந்துருக்காங்க. நான் ஒரு நாளு வாங்கன்னு சொன்னதில்ல. பையன் இப்ப கணக்குல பாஸ். மத்த ஸ்கூல்ல எல்லாம் தப்பே பண்ண மாட்டாங்களா, இல்ல பண்ணிட்டு வந்து சொல்ல மாட்டாங்களா? எனக்குத் தெரியாது. இங்க சொல்லுவாங்க. அது எனக்குத் தெரியும். எம்பொண்ண நாளைக்கு இங்கயே கொண்டாந்து விடுறேன்."

மறுநாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். எல்லாக் குடும்பங்களும் திரும்பவில்லை. சில வந்தன. பள்ளியை இணைக்கும் பேச்சு அத்தோடு நின்றது. இன்று தோட்டத்தில் பாதி நிலம் வீடமைப்புக்குப் போய்விட்டது. பால்மரம் இருந்த இடத்தில் கல்வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பள்ளி இருக்கிறது. புதிய வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பத்துமலை ஈப்போவில் மின்சார வேலை பார்க்கிறான். இன்று இந்த மண்டபத்தின் ஒலிபெருக்கியைப் பொருத்தியவன் அவன்தான்.

நண்பர்களே, அம்மையார் பெரிய விருது எதுவும் வாங்கவில்லை. தலைமையாசிரியர் பதவி வந்தபோது, "எனக்கு வகுப்பு காணும், பதவி வேண்டாம் மாஸ்டர், நீங்கள் இருங்கோ" என்று என்னைக் கைகாட்டினார். புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் இவ்வாண்டு முதல் தவணை முழுதும் வகுப்பு எடுத்தார். நின்று எழுத முடியாத நாள்களில் நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளைகளைப் பலகையில் எழுதச் சொன்னார்.

மறைவதற்கு முந்தின வாரம் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். ஸ்கந்தராஜா அவர்கள் பக்கத்தில் இருந்தார். உடம்பு எப்படி என்று கேட்டேன். "மாஸ்டர், நாலாம் வகுப்புக்கு இப்ப ஆர் போறது?" என்றார். மாற்று ஆசிரியருக்கு எழுதியிருக்கிறோம், இன்னும் யாரும் வரவில்லை என்று உண்மையைச் சொன்னேன். "அடைப்புக்குறி இன்னும் தொடங்கேல்லை. பிந்தினால் பிள்ளையளுக்குக் கஷ்டம்" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மாற்று ஆசிரியர் இன்னும் வரவில்லை. எப்போது வருவார் என்றும் தெரியாது. ஆகவே இச்சபையில், அவருடைய கணவர் முன்னிலையில், இராமசாமி ஐயா முன்னிலையில், ஆசிரியர்கள் நாங்கள் பேசி முடிவு செய்ததைச் சொல்கிறேன். கற்பித்ததில் பிழை என்று தெரிந்தால், எந்த வகுப்பானாலும், எவ்வளவு காலம் கடந்திருந்தாலும், அந்தப் பிள்ளையைத் தேடிப்போய்ச் சொல்வோம். தயங்கமாட்டோம். மறைக்கமாட்டோம். அம்மையார் நடத்திவந்த சனிக்கிழமை வகுப்புகளை இளைய ஆசிரியர்கள் இருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். தலைமையாசிரியருக்கு அலுவலக வேலை இருக்கும், அது காத்திருக்கட்டும்.

அம்மையீர்! திங்கட்கிழமை காலை முதல் பாடவேளை கணக்கு. நான்காம் வகுப்புக்கு நான் போகிறேன்.

வணக்கம்.